போன் பவுச் ஒரு வேலை, பெல்ட் பவுச் வேற வேலை

போன மாசம் சைதாப்பேட்டை ஸ்டேஷன் படிக்கட்டுல என் தம்பி கையில இருந்து போன் நழுவி விழுந்துச்சு. இடுப்பு உயரம் கூட இல்ல. பெட்டி மேல பெரிய எழுத்துல 'மிலிட்டரி கிரேடு'ன்னு போட்ட பவுச், 900 ரூபா குடுத்து வாங்கினது, மாட்டித்தான் இருந்தான். எடுத்து பாத்தா டிஸ்ப்ளே குறுக்கால வலை மாதிரி கோடு. அதே வாரம் எங்க தெருவுல இஸ்திரி போடற அண்ணனோட போன் தள்ளுவண்டி மேல இருந்து விழுந்துச்சு, கவரே கிடையாது, கீழ மண்ணு, எடுத்து ஊதிட்டு பேச ஆரம்பிச்சிட்டாரு. உடனே வீட்ல ரெண்டு கட்சி. "பவுச்சே வேஸ்ட், உடையறது உடையும்"னு அம்மா. "இன்னும் தடியா வாங்கியிருக்கணும்டா"ன்னு அப்பா.

ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. இதை யாராச்சும் அடியில இருந்து சொல்லிக்குடுத்தா நல்லாருக்கும்னு ரொம்ப நாளா தோணிட்டே இருந்துச்சு, அதான் எழுதறேன். பிசிக்ஸ் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல.

முதல்ல பேரை பிரிச்சுக்கலாம்

நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் ஒரே பேர், பவுச். ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் "அண்ணே பவுச் குடுங்க"ன்னா போன் பின்னாடி மாட்டற கவரும் வரும், இடுப்புல தொங்கவிடற தோல் பையும் வரும். குழப்பம் பாதி இங்கயே ஆரம்பிக்குது. இந்த கட்டுரையில பின்னாடி மாட்டறது 'பவுச்', இடுப்புல மாட்டறது 'பெல்ட் பவுச்'. பவுச்சோட வேலை போன் விழுந்தப்புறம் ஆரம்பிக்குது. பெல்ட் பவுச்சோட வேலை போன் விழாம பாத்துக்கறது. ஒண்ணை வச்சு இன்னொண்ணை எடை போட்டா தப்பான பொருள்தான் கைக்கு வரும்.

கார்க் பால் கேட்ச்

தெருவுல டென்னிஸ் பால்ல ஆடிட்டு முதல் தடவை கார்க் பால் கேட்ச் பிடிச்ச நாள் ஞாபகம் இருக்கா? கையை விறைப்பா நீட்டி பிடிச்சா உள்ளங்கை எரியும், ஒரு வாரம் சாப்பாடு பிசையவே முடியாது. அப்புறம் யாராச்சும் சீனியர் அண்ணன் சொல்லிக்குடுப்பாரு, "பந்து வரும்போது கையை கூடவே பின்னாடி இழுடா". அதே பந்து, அதே வேகம், ஆனா வலிக்காது. ஏன்னா பந்து நிக்கறதுக்கு ஒரு அடி தூரம் குடுத்துட்ட.

போன் விஷயத்துலயும் மொத்த கதையும் இதுதான். விழற பொருள் நிக்கறதுக்கு கிடைக்கற தூரத்துக்கு 'நிறுத்த தூரம்'னு பேர் வச்சுக்கலாம். இது எவ்வளவு அதிகமோ அடி அவ்வளவு கம்மி.

கணக்கு ரொம்ப சுலபம். விழுந்த உயரத்தை நிறுத்த தூரத்தால வகுத்தா, பொருளோட எடையைப் போல சராசரியா எத்தனை மடங்கு அடி விழுதுன்னு தோராயமா வந்துடும். 200 கிராம் போன் 1 மீட்டர்ல இருந்து விழுதுன்னு வைங்க, தரையை தொடும்போது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகம், கிட்டத்தட்ட சைக்கிள் போற வேகம். கவர் இல்லாம சிமெண்ட் தரையில விழுந்து, எல்லாம் சேந்து 1 மில்லிமீட்டர்தான் நசுங்குதுன்னா, 1000ஐ 1ஆல வகுத்தா ஆயிரம் மடங்கு, அதாவது அந்த ஒரு நொடித்துளியில போன் மேல 200 கிலோ ஏறின மாதிரி. பவுச் மூலை 4 மில்லிமீட்டர் நசுங்கி குடுத்தா அதே அடி 50 கிலோவா இறங்கிடும். மூணே மில்லிமீட்டர், அதுக்கு இவ்வளவு வித்தியாசம்.

இந்த சண்டை முழுக்க நடக்கற நேரம் எவ்வளவு தெரியுமா? ஒரு செகண்டை ஆயிரம் துண்டா வெட்டினா, கவர் இல்லாத போனுக்கு அதுல அரை துண்டு, நல்ல பவுச் போட்டதுக்கு ரெண்டு துண்டுக்கு கொஞ்சம் கம்மி.

இஸ்திரி அண்ணன் போன் ஏன் தப்பிச்சது? மண்ணு உள்வாங்கி நிறுத்த தூரத்தை அதுவே குடுத்துடுச்சு. இதுல விதி ஒண்ணும் இல்லம்மா.

அதனால பவுச் கெட்டியா இருக்கணும்னு நம்ம நினைக்கறது தலைகீழ். அது விட்டுக்கொடுக்கணும். ஹெல்மெட்டையே பாருங்க, வெளிய ஓடு கெட்டி, ஆனா தலையை காப்பாத்தறது உள்ள இருக்கற தெர்மோகோல். அது நசுங்கித்தான் உயிரை காப்பாத்துது.

இதுவரைக்கும் பாத்தது: அடியோட பலம் உயரத்தை மட்டும் பொறுத்தது இல்ல, நிக்க கிடைக்கற தூரத்தையும் பொறுத்தது, பவுச் அந்த தூரத்தை விலைக்கு குடுக்குது.

கண்ணாடி ஏன் உடையுது

கண்ணாடியை அமுக்கினா நல்லா தாங்கும், இழுத்தாலோ வளைச்சாலோ தாங்காது. வளையும்போது ஒரு பக்கம் அமுங்கும், மறு பக்கம் இழுபடும், அந்த இழுபடற பக்கத்துல கண்ணுக்கு தெரியாத சின்ன கீறல் இருந்தா அங்க இருந்துதான் பிளவு கிளம்பும்.

இதுக்காக போன் கண்ணாடியை செய்யும்போதே ஒரு வேலை பண்றாங்க. பொட்டாசியம் உப்பை சுமார் 400 டிகிரியில உருக்கி கண்ணாடியை அதுல முக்கி வைப்பாங்க. கண்ணாடியில இருக்கற சின்ன சோடியம் அணு வெளிய வரும், அதோட இடத்துல பெரிய பொட்டாசியம் அணு போய் உக்காரும். மூணு பேர் சீட்டுல நாலாவது ஆள் வந்து உக்காந்தா எல்லாரும் நெருக்கிக்கிட்டு இருப்போமே, பீக் அவர் எலக்ட்ரிக் ட்ரெயின்ல, அந்த மாதிரி கண்ணாடியோட மேல்பரப்பு எப்பவும் நெருக்கத்துலயே இருக்கும். பிளவு திறக்கணும்னா முதல்ல அந்த நெருக்கத்தை தாண்டணும். கார்னிங் கம்பெனியோட கொரில்லா கிளாஸ்னு கேள்விப்படறது இந்த வகைதான்.

ஆனா இந்த நெருக்கம் மேல்பரப்புல ரொம்ப மெல்லிசா மட்டும்தான் இருக்கு. மண்ணுல இருக்கற குவார்ட்ஸ் துகள் கண்ணாடியை விட கடினம், மெரினா போயிட்டு வந்து பாக்கெட்ல ரெண்டு மணல் துகள் கிடந்தா போதும், கீறல் விழும். அந்த கீறல் ஆழமா இருந்துட்டா அடுத்த தடவை சின்னதா தட்டினாலே உடைஞ்சிடும். "எத்தனையோ தடவை விழுந்துச்சு ஒண்ணும் ஆகல, இந்த தடவை லேசாத்தான் விழுந்துச்சு உடைஞ்சிடுச்சு"ன்னு எல்லாரும் சொல்றது இதனாலதான். உண்மையில போன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா பலவீனமாகிட்டே வந்திருக்கு.

மூலையும் விளிம்பும்

போன் விழும்போது பெரும்பாலும் முதல்ல தரையை தொடறது மூலைதான். முழு அடியும் ஒரு பட்டாணி அளவு இடத்துல இறங்கும். அதனாலதான் நல்ல பவுச்சுல நாலு மூலையும் புடைச்சிருக்கும், சிலதுல உள்ள காத்துப்பை மாதிரி இடைவெளி விட்டிருப்பாங்க. பவுச் முழுக்க தடியா இருந்து என்ன, மூலை மெலிசா இருந்தா பிரயோஜனம் இல்ல.

அடுத்தது 'லிப்'. டிஸ்ப்ளேவை சுத்தி பவுச் கொஞ்சம் உயரமா நிக்குமே, அந்த வரப்புதான். குப்புற விழுந்தா வரப்பு தரையை தொடும், கண்ணாடி தொடாது. இதுல கவனிக்காத ஒரு விஷயம், டெம்பர் கிளாஸ் ஒட்டினா அதுவே சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், லிப் 0.5தான்னா மிச்சம் 0.2, அதாவது பேப்பர் ரெண்டு. பவுச் வாங்கும்போது டெம்பர் ஒட்டின போன்லதான் மாட்டி பாக்கணும்.

இப்ப தம்பி போனுக்கு வருவோம். சர்வீஸ் கடை அண்ணன் வாங்கி பாத்துட்டு சொன்னாரு, "தம்பி, மூலையில அடியே இல்ல பாரு, நடுவுல பட்டிருக்கு". படிக்கட்டோட விளிம்பு லிப்புக்கு நடுவுல நேரா டிஸ்ப்ளே மேல இறங்கியிருக்கு. லிப் சமதரைக்குதான் காவல். படி விளிம்பு, ஜல்லி, பிளாட்பாரம் கல்லு இதுங்க முன்னாடி அது ஒண்ணும் பண்ண முடியாது. அந்த எடத்துல 900 ரூபா பவுச்சும் 150 ரூபா பவுச்சும் ஒண்ணுதான்.

பொருள் என்னன்னும் பாத்துக்கணும், ரெண்டு பேர் தெரிஞ்சா போதும். டிபியு, அதாவது ரப்பர் மாதிரி வளையற பிளாஸ்டிக், அடியை உள்வாங்கற வேலையை இது பாக்கும், வெயில் பட்டு பட்டு மஞ்சளாகறது டிரான்ஸ்பரன்ட் டிபியுதான். இன்னொண்ணு பாலிகார்பனேட், கெட்டி பிளாஸ்டிக், கீறலுக்கும் வளையாம இருக்கறதுக்கும் நல்லது, ஆனா தனியா இது மட்டும் இருந்தா நிறுத்த தூரம் குடுக்காது. உள்ள டிபியு வெளிய பாலிகார்பனேட்னு ஹெல்மெட் மாதிரி சேந்து வந்தா நல்லது.

'மிலிட்டரி கிரேடு'ன்னா என்ன

இது நிஜமாவே இருக்கற ஒரு விஷயம்தான், ஆனா நம்ம நினைக்கற அர்த்தம் இல்ல. அமெரிக்க ராணுவத்துக்கு மில்-எஸ்டிடி-810னு ஒரு சோதனை முறை தொகுப்பு இருக்கு, 1962ல வந்தது, 2019ல வந்த 'எச்' பதிப்பு வரைக்கும் மாத்திட்டே வந்திருக்காங்க. வெயில், மழை, தூசு, அதிர்வுன்னு நிறைய சோதனை அதுல இருக்கு, விழற சோதனை அதுல ஒரு பகுதி மட்டும். பவுச் பெட்டியில போடறது இந்த ஒரு பகுதியைத்தான்.

அதுல 122 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து 26 தடவை போடணும். ஏன் 26? ஒரு பெட்டியை கையில எடுத்து எண்ணி பாருங்க, 8 மூலை, 12 விளிம்பு, 6 முகம், கூட்டினா 26. ஒவ்வொண்ணும் ஒரு தடவை கீழ வர மாதிரி. எது மேல விழுதுங்கறதுதான் முக்கியம், முந்தைய 'ஜி' பதிப்புல சொன்னது கான்கிரீட் மேல வச்ச 2 இஞ்ச் பிளைவுட் பலகை மேல. நம்ம வீட்டு மொசைக்கோ ரோட்டு ஜல்லியோ இல்ல. 26 தடவையும் ஒரே போனா இருக்கணும்னும் இல்ல, அஞ்சு போன் வரைக்கும் பிரிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, ராணுவம் எந்த பவுச்சையும் சோதிச்சு சர்டிஃபிகேட் குடுக்கறது இல்ல. கம்பெனி தானே சோதிக்கலாம், ஒரு லேப்ல குடுத்தும் சோதிக்கலாம், அப்புறம் பெட்டி மேல எழுதிக்கலாம். அதுக்காக எல்லாமே பொய்னு சொல்லமாட்டேன், நேர்மையா சோதிக்கறவங்களும் இருக்காங்க. பெட்டியில எத்தனை அடி உயரம், எத்தனை தடவை, எந்த தரை, எந்த லேப்னு எழுதியிருந்தா மதிக்கலாம். வெறும் 'மிலிட்டரி கிரேடு'ன்னு மட்டும் இருந்தா அதுக்காக கூட காசு குடுக்காதீங்க.

சுருக்கமா: அது சமதளத்து மேல, இடுப்பு உயரத்துக்கு கொஞ்சம் மேல இருந்து போட்ட சோதனை. சைதாப்பேட்டை படிக்கட்டுக்கு அது பதில் சொல்லாது.

கோலமாவு சோதனை

நானே பாத்துடலாம்னு இறங்கினேன். நல்ல போனை போட்டு பாக்காதீங்க, தயவுசெஞ்சு. சர்வீஸ் கடை அண்ணன்கிட்ட அதே மாடல்ல செத்துப்போன போன் ஒண்ணு கேட்டு வாங்கினேன், எடை அதேதான், டெம்பரும் ஒட்டிக்கிட்டேன். மூணு பவுச். மெலிசான டிபியு, முழுக்க கெட்டி பிளாஸ்டிக், மூலை புடைச்ச ரெண்டு அடுக்கு.

மொட்டை மாடியில சிமெண்ட் தரையை பெருக்கிட்டு கோலமாவை மெலிசா தூவினேன். சுவத்துல டேப் வச்சு 1 மீட்டர்ல கோடு. விழுந்தப்புறம் கண்ணாடியில மாவு ஒட்டியிருக்கான்னு பாத்தா போதும், ஒட்டியிருந்தா தரை கண்ணாடியை தொட்டிருக்குன்னு அர்த்தம். எங்க ஒட்டியிருக்குன்னு பாத்தா எந்த இடத்துல லிப் போதலன்னும் தெரியும். மெஷின் எதுவும் வேணாம்.

ஒவ்வொண்ணும் பத்து தடவை போட்டேன். மெலிசான டிபியு குப்புற விழுந்தப்ப நாலு தடவையும் கண்ணாடி ஓரத்துல மாவு, டெம்பரை உரிச்சிட்டு போட்டா ஒட்டல, லிப் கணக்கு கண்ணு முன்னாடி வந்துடுச்சு. கெட்டி பிளாஸ்டிக் மூணாவது தடவையே மூலையில கழண்டு தனியா பறந்துச்சு, போன் ரெண்டாவது துள்ளல்ல அம்மணமா விழுந்துச்சு. இது ரொம்ப முக்கியம், போன் விழறது ஒரு தடவை இல்ல, துள்ளி துள்ளி ரெண்டு மூணு தடவை, பவுச் முதல் அடியிலயே கழண்டா மிச்ச அடிக்கு போன் தனியா நிக்கும். ரெண்டு அடுக்கு பவுச்சுல சமதரையில மாவே ஒட்டல, ஆனா முழங்கால் உயரத்துக்கு துள்ளுச்சு, அது எனக்கு பிடிக்கல. அடியை உள்வாங்கி அங்கயே படுத்துட்டா நல்லது, பந்து மாதிரி துள்ளினா அடுத்த அடி எங்க படும்னு சொல்ல முடியாது.

கடைசியா ஒரு செங்கல்லை நடுவுல வச்சு அது விளிம்பு மேல போட்டேன். மூணுலயுமே கண்ணாடி நடுவுல மாவு.

அடியோட பலத்தை இதுல அளக்க முடியாது, அதுக்கு லேப் கருவி வேணும். தரை கண்ணாடியை தொடுதா, பவுச் கழலுதா, எவ்வளவு துள்ளுது, இந்த மூணும் தெரியும், வாங்கறதுக்கு அது போதும்.

பெல்ட் பவுச்: இங்க கேள்வியே வேற

அப்பா ரிட்டயர் ஆனப்புறமும் பெல்ட் பவுச்தான், இருபது வருஷ பழக்கம். தம்பி அதை பழைய ஸ்டைல்னு சொல்லுவான். எனக்கு அப்படி தோணல. போன் கையில இருந்தும் சட்டைப்பையில இருந்தும்தான் அதிகமா விழுது, குனிஞ்சா போச்சு. இடுப்புல இறுக்கமா இருக்கற போன் விழறதே கம்மி. விழாத போனுக்கு நிறுத்த தூரம் எதுக்கு?

அதனால பெல்ட் பவுச்சுல பாக்க வேண்டியது பிடிப்பு மட்டும். ரெண்டு இடத்துல பிடிப்பு இருக்கு, போன் பவுச்சை விட்டு வரக்கூடாது, பவுச் பெல்ட்டை விட்டு வரக்கூடாது. ரெண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துடறாங்க. பின்னாடி கிளிப் வச்சது மாட்ட சுலபம், ஆனா பைக்ல உக்காரும்போது தொடை மேல வந்து கீழ இருந்து தள்ளும், கிளிப் மெதுவா மேல ஏறி ஒரு நாள் கழண்டுடும். சுத்தற கிளிப்னா அந்த சுத்தற முனைதான் முதல்ல உடையும். பெல்ட்டை உள்ள விட்டு கோக்கற வளையம் வச்சது மாட்ட எரிச்சலா இருக்கும், ஆனா பெல்ட்டை கழட்டாம அது வராது.

சோதனை இதுக்கு ரொம்ப சுலபம். போனை போட்டு மூடி, மெத்தை மேல தலைகீழா பிடிச்சு பத்து தடவை உதறுங்க. அப்புறம் மூடியை திறந்தே வச்சு உதறுங்க, ஏன்னா அவசரத்துல நம்ம பாதி நேரம் மூடறதே இல்ல. இடுப்புல மாட்டிக்கிட்டு இருபது தடவை உக்காந்து எழுந்திரிங்க, ஆட்டோ சீட்ல நுழையற மாதிரி குனிஞ்சு உக்காருங்க, பவுச் எடம் மாறியிருக்கான்னு பாருங்க. 21ஜி மாதிரி பஸ்ல கூட்டத்துல இடிபட்டா டிஸ்ப்ளே மேலதான் கம்பி இடிக்கும், அதனால போனை எப்பவும் டிஸ்ப்ளே உடம்பு பக்கம் இருக்கற மாதிரி போடணும்.

அப்பாகிட்ட, "மேப் ஏன்பா உங்களுக்கு மட்டும் தப்பா காட்டுது?"ன்னு கேட்டப்பதான் காந்தம் விஷயம் பிடிபட்டுச்சு. மூடியில காந்தம் வச்ச பவுச். போனுக்குள்ள மேக்னட்டோமீட்டர்னு ஒரு சென்சார் இருக்கு, பூமியோட காந்தப்புலத்தை வச்சு திசை சொல்லும், பக்கத்துல காந்தம் இருந்தா குழம்பிடும். அம்புக்குறி வடபழனி பக்கம் பாக்க வேண்டியது கிண்டி பக்கம் பாக்கும். வெளிய எடுத்து எட்டு போடற மாதிரி சுத்தினா பெரும்பாலும் சரியாயிடும். வெல்க்ரோ மூடி வச்சதுன்னா இந்த பிரச்சனையே இல்ல.

உலோகத் தகடு வச்ச பவுச்சும் வேணாம். ஆன்டெனாவை மறைச்சா போன் டவரை பிடிக்க அதிக பவர்ல கத்தும், பேட்டரி இறங்கும். உடம்பு எவ்வளவு ரேடியோ சக்தியை உள்வாங்குதுங்கற அளவுக்கு 'சார்' (SAR)னு பேர், இந்தியாவுல 2012 செப்டம்பர்ல இருந்து வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், நிறைய போன்ல *#07# அடிச்சா காட்டும். போனை உடம்புல இருந்து சில மில்லிமீட்டர் தள்ளி வச்சுத்தான் அதை அளக்கறாங்க, பவுச் அந்த இடைவெளியை குடுக்கும், ஆனா உலோகம் இல்லாத பவுச்சா இருக்கணும்.

வீட்ல யாருக்காச்சும் பேஸ்மேக்கர் இருந்தா இதை கட்டாயம் கவனிங்க. காந்தம் இருக்கற போனை அதுல இருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி வைக்கணும்னு போன் கம்பெனிகளே சொல்றாங்க. சட்டைப்பை வேணாம், இடுப்பு பரவால்ல, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மே மாசத்துக்கு மட்டும்

பவுச் அடியை தடுக்கற மாதிரியே சூட்டையும் தடுக்கும், உள்ள இருந்து வெளிய போக விடாது. பல போனுக்கு 35 டிகிரி வரைக்கும்தான் ஏத்த சூழல்னு போட்டிருக்கும், அக்னி நட்சத்திரத்துல நம்ம வீட்டு ஹாலே அதை தாண்டிடும். ஃபாஸ்ட் சார்ஜ் போடும்போது பவுச்சை கழட்டிடுங்க. பேட்டரிக்கு சூடு ஆகாது.

தம்பிக்கு கடைசியில 350 ரூபாய்ல ரெண்டு அடுக்கு பவுச் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், டெம்பர் ஒட்டின போன்லயே மாட்டி பாத்து, குப்புற வச்சு கீழ விசிட்டிங் கார்டு நுழையுதான்னு பாத்து. அப்பாவுக்கு வளையம் வச்ச வெல்க்ரோ பெல்ட் பவுச். தம்பிகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வச்சிருக்கேன், மாசம் ஒரு தடவை பவுச்சோட மூலையை கட்டைவிரலால வெளிய தள்ளி பாரு, சுலபமா கழண்டு வந்தா டிபியு தளந்துடுச்சு, அன்னைக்கே மாத்திடு.